விண்வெளி நிலையத்துக்குப் போய் என்னதான் பார்ப்பது?

கேள்வி இதுதான்: "கோடிக்கணக்கில் காசைக் கொட்டி விண்வெளி நிலையத்துக்குப் போகிறார்களே, அங்கே அப்படி என்ன இருக்கிறது? நிலாவுக்குப் போனாலாவது தரையில் கால் வைக்கலாம். இது பூமியையே சுற்றிச் சுற்றி வரும் ஒரு உலோகக் கூடு. அதற்குள் பத்து நாள் அடைந்து கிடப்பதில் என்ன கவர்ச்சி?"

நான் போனவன் இல்லை, போகும் வசதியும் இல்லை. ஆனால் போய் வந்தவர்கள் எழுதியதையும் பேசியதையும் இருபது வருடத்துக்கும் மேலாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். அதிலிருந்து எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். அந்த இடத்தின் ஈர்ப்பு இரண்டு விஷயங்களில் இருக்கிறது. ஒன்று, அது நிற்கும் தூரம். இன்னொன்று, அங்கே தங்க முடியும் என்பது. இரண்டாவதைத்தான் பலரும் யோசிப்பதில்லை.

முதலில் தூரம். சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டரில் சுற்றுகிறது. சென்னைக்கும் மதுரைக்கும் இடையே நூல் பிடித்து அளந்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். அதைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்திலிருந்து பூமி முழு உருண்டையாகத் தெரியாது. நிறையப் பேர் இதைத் தவறாகக் கற்பனை செய்கிறார்கள். ஒரு பார்வையில் பூமியின் பரப்பில் மூன்று சதவீதம்தான் கண்ணுக்கு அகப்படும். தொடுவானம் எல்லாப் பக்கமும் சுமார் 2,300 கிலோமீட்டர் தள்ளி வளைந்து நிற்கும். நிலையம் கன்னியாகுமரிக்கு மேலே இருக்கும்போது வடக்கே பார்த்தால் பார்வை டெல்லி வாக்கில் போய் முடியும்.

இது சரியாக அமைந்த தூரம். நிலாவிலிருந்து பார்த்தால் பூமி அழகான நீலப் பந்து, ஆனால் அதில் உங்கள் ஊர் ஆறு தெரியாது. விமானத்திலிருந்து ஆறு தெரியும், பூமியின் வளைவு தெரியாது. நிலையத்தில் இரண்டும் ஒரே சன்னலில் கிடைக்கின்றன. நைல் நதி பாலைவனத்தின் நடுவே பச்சைக் கோடாக வந்து கழிமுகத்தில் விரிவது, இமயமலையின் பனி மடிப்புகள், தனுஷ்கோடிக்கும் மன்னார் தீவுக்கும் நடுவே கடல் ஆழம் குறைந்து மணல்திட்டுகள் வெளிர்நீலமாகத் தெரிவது என்று எல்லாமே பள்ளிக்கூட அட்லஸில் பார்த்த அதே வடிவங்கள். ஆனால் அட்லஸில் மேகம் நகராது, கடலில் வெயில் பட்டு மினுங்காது.

அதோடு வேகம். மணிக்கு ஏறத்தாழ 27,600 கிலோமீட்டர். தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கடக்கும் ஒரு சுற்றில் கன்னியாகுமரிப் பக்கமிருந்து சென்னைப் பக்கம் வர ஒன்றரை நிமிடம் போதும். பூமியை ஒரு முறை சுற்றிவர சுமார் 92 நிமிடம். ஆக ஒரு நாளைக்குப் பதினாறு முறை சூரியன் உதித்து, பதினாறு முறை அஸ்தமிக்கும். அந்த அஸ்தமனம் நாம் கடற்கரையில் உட்கார்ந்து பார்ப்பதுபோல ஆற அமர நடக்காது. தொடுவானத்தை ஒட்டி நீலம், வெள்ளை, ஆரஞ்சு, சிவப்பு என்று மெல்லிய அடுக்குகள் பளிச்சென்று தோன்றி, சில வினாடிகளில் அணைந்துவிடும்.

அந்த அடுக்குகள்தான் நம் காற்று மண்டலம். அதில் பத்தில் ஒன்பது பங்கு காற்று தரையிலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. பூமியின் விட்டமோ 12,700 கிலோமீட்டருக்கு மேல். இந்த எண்களை நாம் பாடத்தில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். நிலையத்துக்குப் போனவர்களில் பலர் கண்ணால் பார்த்து அதிர்ந்தது இதைத்தான். இவ்வளவு மெல்லிய தோல் மாதிரி ஒன்றுக்குள்தான் நாம் எல்லோரும் இருக்கிறோமா என்று.

பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு இடம் இருக்கிறது. குப்போலா என்று பெயர். இத்தாலியில் செய்து, 2010 பிப்ரவரியில் எண்டவர் விண்வெளி ஓடத்தில் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். சுற்றிலும் ஆறு சன்னல், நடுவில் பூமியைப் பார்த்தபடி 80 சென்டிமீட்டர் அகலத்தில் வட்டமாக ஒன்று. அதை அமைத்ததன் அதிகாரப்பூர்வக் காரணம், இயந்திரக் கையை இயக்கும்போதும் வந்து சேரும் விண்கலங்களைக் கண்காணிக்கும்போதும் வெளியே பார்ப்பதற்கு. வேலை முடிந்த நேரத்தில் அங்கே போய் மிதப்பதை யாரும் அதிகாரப்பூர்வமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வு நேரம் கிடைத்தால் விண்வெளி வீரர்கள் முதலில் போவது சன்னலுக்குத்தான். குப்போலா வருவதற்கு வெகுகாலம் முன்பு, 1973-74ல் அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையமான ஸ்கைலாபில் இருந்தவர்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

இரவுப் பக்கம் இன்னும் விசேஷம் என்று எனக்குத் தோன்றும். இடிமேகங்களை மேலிருந்து பார்க்கலாம். ஒரு மேகத்தில் மின்னல் வெட்டினால் நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று பதில் சொல்வதுபோல ஒளிரும். தாய்லாந்து வளைகுடாவில் கணவாய் மீன் பிடிக்கும் படகுகளின் பச்சை விளக்குகள் ஒரு நகரம் கடலில் மிதப்பதுபோல் தெரியும். எல்லைகள் விண்வெளியிலிருந்து தெரியாது என்பார்கள். பகலில் அது பெரும்பாலும் உண்மை. இரவில் இந்திய - பாகிஸ்தான் எல்லை காவல் விளக்குகளால் ஆரஞ்சு நிறக் கோடாகத் துல்லியமாகத் தெரிகிறது. அந்தப் புகைப்படத்தை முதலில் பார்த்த அன்று எனக்கு மனம் கனத்துப்போனது. அப்புறம் துருவ ஒளி. நார்வேக்குப் போய் அண்ணாந்து பார்ப்பதை இங்கே குனிந்து பார்க்கலாம். எரிநட்சத்திரமும் அப்படித்தான். அது காற்றில் எரிவது தரையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் என்பதால், நிலையத்தில் இருப்பவர்களுக்கு அது காலுக்குக் கீழே விழும்.

சரி, இவ்வளவையும் படத்தில் பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். பார்வையை மட்டும் கணக்கில் எடுத்தால் ஓரளவு சரிதான். ஆனால் படம் உடம்புக்கு எதையும் செய்யாது. நிலையம் செய்யும்.

அங்கே ஈர்ப்பு விசை இல்லை என்று பாடப்புத்தகத்தைத் தாண்டாத பலரும் நினைக்கிறார்கள். 400 கிலோமீட்டரில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறார்கள், பக்கவாட்டு வேகம் அதிகமாக இருப்பதால் விழ விழப் பூமி வளைந்து விலகிக்கொள்கிறது, அவ்வளவுதான். லிஃப்ட் கீழே கிளம்பும் கணத்தில் வயிற்றில் ஒரு வெறுமை வருமே, அது முடியாமல் நாள் கணக்கில் நீண்டால் எப்படி இருக்கும்? முதலில் கொடுமையாக இருக்கும். போகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் குமட்டல், தலைச்சுற்றல், வாந்தி வருகிறது. காலில் இருந்த நீர் மேலே ஏறி முகம் வீங்கும், மூக்கு அடைக்கும். மூக்கு அடைத்தால் சாப்பாட்டில் ருசி தெரியாது. அதனால் காரமான சாஸுக்கு அங்கே எப்போதும் கிராக்கி. முதுகெலும்பின் வட்டுகள் விரிந்து உயரம் கொஞ்சம் கூடும், அந்த இழுப்பில் முதுகு வலிக்கும்.

இரண்டு மூன்று நாளில் மூளை புது வீட்டுக்குப் பழகிவிடுகிறது. மேல், கீழ் என்ற எண்ணத்தைக் கைவிடுகிறது. கூரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற நண்பர் விசித்திரமாகத் தெரிவதில்லை. தொலைபேசிக் கூண்டு அளவுள்ள அறையில், சுவரில் கட்டிய உறக்கப் பைக்குள் நின்றபடியா படுத்தபடியா என்று சொல்ல முடியாமல் தூங்குகிறார்கள். கைகள் தாமாக முன்னே எழும்பி மிதக்கும். மின்விசிறிகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் விட்ட மூச்சு விலகிப் போகாமல் முகத்தைச் சுற்றியே தேங்கிவிடும். கண்ணை மூடினால் சில சமயம் இருட்டில் ஒளிப்பொறி தெறிக்கும். அது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள்கள் கண்ணுக்குள் பாய்வதால் வருவது.

தண்ணீர் நடந்துகொள்ளும் விதத்துக்காகவே நான் போவேன் என்று அடிக்கடி சொல்வேன். பையிலிருந்து பிதுக்கினால் அது உருண்டையாகத் திரண்டு, அலையாடிக்கொண்டு, காற்றில் நிற்கும். அழுதால் கண்ணீர் வழியாது. கண்ணிலேயே குமிழாகத் திரண்டு எரியும். மெழுகுவர்த்திச் சுடர் நீண்டு நிற்காமல் நீலமான சிறு உருண்டையாக இருக்கும், ஏனென்றால் சூடான காற்று மேலே போவதற்கு அங்கே மேல் கிடையாது. நாசா விண்வெளி வீரர் டான் பெட்டிட் 2008ல் ஒரு பிளாஸ்டிக் தாளை மடித்து, திரவத்தின் பரப்பு இழுவிசையை வைத்தே காபி உதட்டுக்கு ஏறி வரும்படி ஒரு கோப்பை செய்தார். அதுவரை எல்லாரும் பையிலிருந்து உறிஞ்சித்தான் குடித்தார்கள். நமக்குத் தெரிந்த சாமான்கள், நமக்குத் தெரியாத குணத்தோடு. எனக்கு இது மலையுச்சியைவிடப் பெரிய காட்சி.

இங்கேதான் 'தங்குதல்' என்பதன் அருமை. புளூ ஆரிஜின் போன்ற தனியார் நிறுவனங்களின் ராக்கெட்டில் விண்வெளியின் விளிம்புவரை பலர் போய் வந்திருக்கிறார்கள். மொத்தம் பத்துப் பதினோரு நிமிடம், அதில் எடையில்லாமல் மிதப்பது மூன்று நிமிடம். நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. 2021ல் 90 வயதில் அதில் போய்வந்த நடிகர் வில்லியம் ஷாட்னர் இறங்கியதும் தேம்பி அழுதார். ஆனால் மூன்று நிமிடத்தில் பெல்ட்டைக் கழற்றி, சன்னலைத் தேடி, மறுபடி உட்கார்ந்து கட்டிக்கொள்ள வேண்டியதுதான். மிதக்கக் கற்றுக்கொள்ள நேரம் கிடையாது. நிலையத்தில் இந்தச் சுற்றில் மேகம் மறைத்த ஊரை நாளைக்குப் பார்க்கலாம். ஒரு புயல் உருவாகி, கண் திறந்து, கரை சேர்வதை நாலு நாள் தொடர்ந்து பார்க்கலாம். ஒரு கோயிலை வெளியிலிருந்து கும்பிட்டுவிட்டுப் போவதற்கும் திருவிழா முழுக்க அந்த ஊரிலேயே தங்குவதற்கும் உள்ள வித்தியாசம்.

போனவர்களைப் பார்த்தாலும் இது புரியும். 1990 டிசம்பரில் ஜப்பானியப் பத்திரிகையாளர் டோயோஹிரோ அகியாமாவை அவருடைய தொலைக்காட்சி நிறுவனம் காசு கட்டி சோவியத் ஒன்றியத்தின் மிர் நிலையத்துக்கு அனுப்பியது. சொந்தப் பணத்தில் முதலில் போனவர் அமெரிக்கர் டென்னிஸ் டிட்டோ. அவரும் முதலில் ஏற்பாடு செய்தது மிர் நிலையத்துக்குத்தான். ஆனால் அவர் போவதற்குள், 2001 மார்ச்சில் மிரைக் கடலில் இறக்கிவிட்டார்கள். நாசா எதிர்த்தும் அவர் விடவில்லை. ரஷ்யர்களின் சோயூஸ் விண்கலத்தில் 2001 ஏப்ரல் 28ல் சர்வதேச நிலையத்துக்குக் கிளம்பினார். வயது 60, செலவு சுமார் 2 கோடி டாலர். அங்கே ஓபரா கேட்டுக்கொண்டு, சன்னலில் பார்த்துக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் இருந்துவிட்டு வந்து, சொர்க்கத்திலிருந்து திரும்பியிருக்கிறேன் என்றார். இளம் வயதில் விண்வெளிப் பொறியாளராக வேலை பார்த்தவர் அவர். நாற்பது வருட ஏக்கம் அது.

2006ல் போன அனூஷே அன்சாரி ஈரானில் மஷாத் நகரில் பிறந்தவர். சொந்தச் செலவில் போன முதல் பெண். முதல் நாட்களின் குமட்டலையும் முதுகுவலியையும் தலைக்குக் குளிக்கும் சிரமத்தையும் அங்கிருந்தே ஒளிக்காமல் எழுதினார். நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் வந்த விண்வெளியின் வாசனை தீய்ந்த பாதாம் பிஸ்கட் போல இருந்தது என்றார். இன்னும் சிலர் வெல்டிங் புகை போல என்கிறார்கள். வெற்றிடத்துக்கு வாசனை ஏது? வெளியே பட்டுவிட்டு வந்த பொருட்கள்தான் அந்த மணத்தை உள்ளே கொண்டுவருகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது ரிச்சர்ட் கேரியட்டின் கதை. அப்பா ஓவன் கேரியட் 1973ல் ஸ்கைலாபில் 59 நாள் இருந்த விண்வெளி வீரர். மகனுக்குச் சிறுவயதிலேயே பார்வைக் குறை. உன்னால் நாசா வீரராக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணினி விளையாட்டுகள் செய்து சம்பாதித்த பணத்தில் 2008ல் அவரே போனார். போய், அப்பா 35 வருடம் முன்பு மேலிருந்து படமெடுத்த அதே இடங்களைத் திரும்பப் படமெடுத்தார், பூமி எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்க. ஒரு குடும்பத்தில் இரண்டு தலைமுறை ஒரே சன்னல் பழக்கம்.

சார்லஸ் சிமோனி, மைக்ரோசாஃப்டில் வேர்டும் எக்செலும் உருவாகக் காரணமானவர், 2007ல் ஒரு முறை போனார். 2009ல் மறுபடியும் காசு கட்டிப் போனார். கவர்ச்சி என்ன என்ற கேள்விக்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பணம் பற்றிய கோபம் எனக்கும் புரிகிறது. 2022ல் ஆக்சியம் நிறுவனத்தின் முதல் பயணத்தில் ஒரு இருக்கை ஐந்தரைக் கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. அந்தக் காசில் எத்தனை பள்ளிக்கூடம் கட்டலாம் என்று தோன்றுவது இயல்பு. என் வருத்தம் வேறு பக்கம் சாய்கிறது. இந்தக் காட்சியை யார் பார்க்கிறார்கள் என்பதைப் பணம் தீர்மானிப்பதுதான் என்னை உறுத்துகிறது. ஒரு மீனவர், ஒரு ஓவியர், மழையை நம்பி வாழும் ஒரு விவசாயி போய்விட்டு வந்து அவர் மொழியில் சொன்னால் எப்படி இருக்கும் என்று பல இரவு நினைத்திருக்கிறேன்.

அந்த வகையில் 2025ல் சுபான்ஷு சுக்லா போனது எனக்குத் தனி மகிழ்ச்சி. 1984ல் சல்யூட் 7 நிலையத்தில் ராகேஷ் சர்மா ஒரு வாரம் இருந்துவிட்டு வந்ததற்கு 41 வருடம் கழித்து இன்னொரு இந்தியர். ஜூன் 26ல் நிலையம் சேர்ந்தவர், 18 நாள் அங்கே இருந்துவிட்டு ஜூலை 15ல் பசிபிக் கடலில் இறங்கினார். கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் மாம்பழச் சாறும் கொண்டுபோனார். குழந்தை மாதிரி நடக்கவும் சாப்பிடவும் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று மேலிருந்து சொன்னார். வரைபடத்தில் பார்ப்பதைவிட இந்தியா மிகப் பெரிதாகத் தெரிகிறது என்றார். திரும்பி வந்தபின் நடந்ததுதான் எனக்கு அதிகம் பேசியது. வேலையை முடித்து லேப்டாப்பை மூடி, மிதக்கும் என்ற நினைப்பில் கட்டிலுக்குப் பக்கத்தில் காற்றில் விட்டுவிட்டார். அது கீழே விழுந்தது. நல்லவேளை, தரையில் கம்பளம். மூன்று வாரத்துக்குள் உடம்பு வேறொரு உலகத்தை இவ்வளவு நிஜமாக நம்பிவிட்டது. சுற்றிப்பார்த்துவிட்டு வந்தவருக்கு இப்படி ஆகாது. குடியிருந்துவிட்டு வந்தவருக்குத்தான் ஆகும்.

அங்கே சங்கடம் நிறைய உண்டு. குளியல் கிடையாது, ஈரத்துண்டால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். துணி துவைக்க வழியில்லை. கழிப்பறை காற்றால் உறிஞ்சும். சிறுநீர், வியர்வை எல்லாவற்றையும் சுத்திகரித்து மீண்டும் குடிநீராக்குகிறார்கள், 98 சதவீதம் நீரை மீட்கும் அளவுக்கு. ரொட்டித் துணுக்கு காற்றில் பறந்து கருவிக்குள் போகும் என்பதால் மெக்சிகோவின் டார்டில்லா, நம் சப்பாத்தி மாதிரி ஒன்று. போய் வந்தவர்கள் இவற்றைப் பற்றிப் பேசும்போது குறை சொல்லும் தொனியே இருக்காது. சின்ன வயதில் தாத்தா வீட்டில் கிணற்றில் இறைத்துக் குளித்ததைச் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

2000 நவம்பர் 2 முதல் ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை அந்த வீடு. அதற்கும் வயதாகிவிட்டது. 2030 வாக்கில் பணியை முடித்து, பசிபிக்கில் யாரும் வசிக்காத பகுதியில் இறக்குவது திட்டம். அதற்கான விண்கலத்தைச் செய்யும் ஒப்பந்தத்தை நாசா 2024ல் ஸ்பேஸ்எக்ஸிடம் கொடுத்தது. சீனாவின் தியாங்கொங் நிலையம் இப்போதே ஆட்களோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. 2035க்குள் இந்தியாவின் சொந்த விண்வெளி நிலையமான பாரதிய அந்தரிக்ஷ நிலையத்தை அமைப்பது இஸ்ரோவின் இலக்கு. அதற்கு முதல் படியான ககன்யான் ராக்கெட்டின் எஞ்சின் சோதனைகள் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் நடந்தவை. ககன்யானுக்குப் பயிற்சி பெற்ற நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

போக முடியாத நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, ஒரு முறையாவது செய்யுங்கள். நிலையம் நம் ஊர் வானத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும். இருட்டத் தொடங்கியபின்போ விடிவதற்கு முன்போ, மாடியில் நின்றால் போதும். எப்போது எந்தத் திசையில் வரும் என்பதை நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' செயலி சொல்லிவிடும். சிமிட்டாமல், சத்தமில்லாமல், வெள்ளி கிரகம் போலப் பிரகாசமாக ஒரு புள்ளி ஏறிவரும். அதிகபட்சம் ஆறு நிமிடம். எங்கள் மாடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பலமுறை காட்டியிருக்கிறேன். மாலை நேரத்தில் பல தடவை அது வானத்தைக் கடந்து முடிக்காது. பாதி வழியிலேயே செம்மையாகி, மங்கி, இல்லாமல் போய்விடும். "எங்க மாமா போச்சு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது என்று சொல்வேன். நம் கண்ணுக்கு அது மறைகிற அந்தச் சில வினாடிகளில், உள்ளே சன்னலருகே மிதந்துகொண்டிருப்பவர் அன்றைய பதினாறு அஸ்தமனங்களில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்.